ஏடி டயரா, எம்டி டயரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021-இல் மஹிந்திரா தார் வாங்கினேன். முதல் இரண்டு வருடம் எம்டி டயரில் ஓட்டினேன். அதற்கப்புறம் இன்றுவரை ஏடிதான். ஊர் கோவில்பட்டி. சுற்றிலும் கரிசல், தென்கிழக்கே போனால் தேரி மணல், மேற்கே போனால் மலை. அதனாலோ என்னவோ, புதிதாக வண்டி எடுக்கும் நண்பர்களும் உறவுக்காரர்களும் டயர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"அண்ணே, ஏடி, எம்டின்னா என்ன? பார்த்தாலே கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். ஏடி என்றால் ஆல் டெரெய்ன், எம்டி என்றால் மட் டெரெய்ன். டயர் முன்னால் உட்கார்ந்து பட்டன்களுக்கு, அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகளுக்கு, நடுவே விரலை வைத்துப் பாருங்கள். எம்டியில் கட்டைவிரல் தாராளமாக நுழையும். ஏடியில் சுண்டுவிரல் போவதே கஷ்டம். எம்டியின் பட்டன் பெரியது, உயரமானது, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். ஏடியின் பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்தக் கீறல்களை மறக்காதீர்கள், மழை பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

இன்னொரு வகை எச்டி, அதாவது ஹைவே டெரெய்ன். நீளவாக்கில் பள்ளம் ஓடும் சாதாரண ரோட்டு டயர் அது. எச்டிக்கும் எம்டிக்கும் நடுவில் நிற்பது ஏடி. ரோட்டிலும் ஓட வேண்டும், மண்ணிலும் இறங்க வேண்டும் என்கிற இந்த வகையை பிஎஃப் குட்ரிச் கம்பெனி 1976-இல் கொண்டுவந்தது. இன்று எல்லா டயர் கம்பெனியிலும் ஒரு ஏடி இருக்கிறது.

"வண்டியோட வந்த டயர் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?"

மாற்ற வேண்டாம். தேயும் வரை ஓட்டுங்கள். 2020-இல் வந்த தாரின் எல்எக்ஸ் மாடலில் 255/65 ஆர்18 அளவில் (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் எத்தனை இன்ச் என்பது வரிசை) ஏடி டயரே கம்பெனியிலிருந்து வந்தது. மாருதி ஜிம்னியில் 195/80 ஆர்15 அளவில் ரோட்டு டயர் வருகிறது. எதுவானாலும் முதல் வருடம் அதிலேயே ஓட்டி, எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று கவனியுங்கள். சேற்றில் மாட்டினீர்களா, மணலிலா, கல் கிழித்து பஞ்சர் ஆனதா? எங்கேயுமே மாட்டவில்லையா? அடுத்து என்ன டயர் என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. ஷோரூமிலிருந்து நேராக டயர் கடைக்குப் போகிறவர்களுக்கு அந்த விடை கிடைப்பதில்லை.

"சேறுன்னாலே எம்டிதானே? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் சேறு ஒன்றல்ல. செம்மண் பாதையில் மழை பெய்தால் மேலே நாலு விரல் அளவுக்குக் குழைந்திருக்கும், அடியில் சரளையோ கெட்டி மண்ணோ இருக்கும். எம்டியின் உயரமான பட்டன் மேல்சேற்றைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைப் பிடித்துவிடும். நல்ல ஏடியும் பெரும்பாலும் தாண்டிவிடும், கொஞ்சம் ஆட்டம் போட்டுத் தாண்டும்.

கரிசல் வேறு ரகம். மழை பெய்த கரிசலில் செருப்போடு நடந்தவர்களுக்குத் தெரியும்: பத்து அடி வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்திருக்கும். களிமண் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடுவதால் வருவது அது. ஏடி டயரின் குறுகலான பள்ளங்கள் இதில் சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் அடைத்துப்போகும். அப்புறம் நீங்கள் ஓட்டுவது மொட்டை டயர்தான். எம்டியின் அகலமான பள்ளத்தில் ஒட்டிய மண்ணைச் சக்கரம் சுழலும் வேகம் வெளியே வீசிவிடும். இங்கே ஒரு நுணுக்கம்: மெதுவாக ஊர்ந்தால் எம்டியும் அடைத்துக்கொள்ளும். ஓரளவு ஆக்சிலேட்டர் கொடுத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டால்தான் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

மூன்றாவது, அடியே இல்லாத உளை. தண்ணீர் கட்டிய நெல்வயல், வற்றிக்கொண்டிருக்கும் கண்மாயின் உள்பகுதி, டெல்டா பக்கத்து வண்டல். அங்கே எந்த டயரும் உதவாது. ஏடி நின்று புதையும், எம்டி தோண்டிக்கொண்டு சீக்கிரமாகப் புதையும். டிராக்டரே அந்த வயலில் இறங்கும்போது இரும்புக் கேஜ் வீல் மாட்டிக்கொண்டுதானே இறங்குகிறது? எம்டி போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் கண்மாய்க்குள் இறங்கிய இரண்டு வண்டிகளை டிராக்டர் வைத்து இழுத்திருக்கிறேன். இரண்டிலும் டயர் புத்தம் புதுசு.

"மணல்ல எது நல்லா போகும்?"

ஏடி. காய்ந்த மணலில் வண்டி மணலுக்கு மேலே மிதந்து போக வேண்டும், உள்ளே தோண்டக் கூடாது. எம்டி செய்வது தோண்டும் வேலை. குதிரைமொழித் தேரி போன்ற செம்மணல் பகுதிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது எம்டி போட்ட வண்டி குழி பறிக்கும், காற்று இறக்கிய ஏடி எழுந்து போய்விடும். மணலைப் பொறுத்தவரை டயர் வகையைவிடக் காற்றுதான் முக்கியம், கீழே தனியாக எழுதியிருக்கிறேன். தேரியின் பல பகுதிகள் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் வண்டியை இறக்காதீர்கள்.

"கொழுக்குமலை மாதிரி கல்லுப் பாதைக்கு எம்டி கட்டாயமா?"

கட்டாயமில்லை. சூரியநெல்லியிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் டயரை ஒரு தடவை குனிந்து பாருங்கள், எல்லாம் எம்டியாக இருக்காது. மெதுவாகப் போவதும், சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைப்பது என்று தெரிவதும்தான் அந்த டிரைவர்களின் பலம்.

கல்லில் பட்டனைவிட சைடுவாலை, அதாவது டயரின் பக்கச்சுவரைத்தான் பார்க்க வேண்டும். டயரின் நடுப்பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கவாட்டில் கூர்ங்கல் கிழித்தால் அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எம்டியில் சைடுவால் தடிமனாக இருக்கும், சிலவற்றில் மூன்று அடுக்கு நூல் இருக்கும், பட்டனும் பக்கவாட்டில் இறங்கி வந்திருக்கும். அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கனமான சைடுவால் உள்ள எல்டி (லைட் டிரக்) ரக ஏடியே கிடைக்கிறது. டயரில் அளவு எழுதியிருக்கும் இடத்தில் எல்டி என்று சேர்ந்திருக்கும்.

"மழையில தார் ரோட்டுல எம்டி வழுக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?"

உண்மை. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். எம்டி போட்டிருந்த இரண்டாவது வருடம் தூறலில் இறங்கிக்கொண்டிருந்தேன், பின் சீட்டில் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும். வேகம் 30-க்குள்தான். வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. பிரேக் மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் காலில் தடதடவென்று உதைத்தது, வண்டி நிற்கவில்லை, நேராகவே போனது. பஸ் டிரைவர் நிறுத்திக்கொண்டதால் இரண்டு அடி இடைவெளியில் தப்பித்தோம். அந்த மாதமே எம்டியைக் கழற்றினேன்.

காரணம் எளிது. பள்ளம் அதிகம் என்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான பட்டன் பிரேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கும். ஏடியில் இருக்கும் அந்த மெல்லிய கீறல்கள் ஒவ்வொன்றும் ஈர ரோட்டில் ஒரு கூடுதல் விளிம்பு. எம்டியில் அவை மிகக் குறைவு. ரோட்டில் குளம்போல் தண்ணீர் தேங்கியிருந்தால் எம்டியின் ஆழமான பள்ளம் தண்ணீரை நன்றாகவே ஒதுக்கும், அதனால் சிலர் "மழையில் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஆபத்து, தூறலில் வழவழவென்று மினுங்கும் மெல்லிய ஈரத்தில். மலைப்பாதையில் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் அதுதான்.

"சத்தம் ரொம்ப வருமா? மைலேஜ் அடிபடுமா?"

எம்டியில் சத்தம் வரும். 60-ஐத் தாண்டியதும் ரீங்காரம், 80-இல் பஸ் டயர் ஓசை. தேயத் தேயச் சத்தம் கூடும். மதுரைக்குப் போய்வந்தால் தெரியாது, சென்னைக்குப் போய்வந்தால் தலை கனக்கும். ஏடியில் பேச்சைக் கெடுக்கும் அளவுக்கு இருக்காது.

மைலேஜ் இரண்டிலும் குறையும், எம்டியில் கூடுதலாக. என் டீசல் வண்டியில் எம்டி போட்டபோது லிட்டருக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் குறைந்தது. டயரின் எடையும் உருளும்போது ஏற்படும் தடையும் கூடுவதால் வருவது அது.

"எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"

என்னைச் சுற்றி உள்ள வண்டிகளை வைத்துச் சொல்கிறேன். ஏடி 50,000-இலிருந்து 60,000 வரை ஓடுகிறது. எம்டியை ரோட்டில் அதிகம் ஓட்டினால் 35,000-இலேயே ஓய்ந்துவிடுகிறது. எம்டி ஒரே சீராகவும் தேயாது, பட்டனின் ஒரு முனை மட்டும் தேய்ந்து மாடிப்படி போலாகும். அதனால் ஏடியை 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றிப் போட்டால் போதும் என்றால், எம்டியை 5,000-க்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை தேயலாம். ஆனால் சேற்றில் எம்டியின் வேலை அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். பாதி தேய்ந்த எம்டி, ரோட்டிலும் சரியில்லை, சேற்றிலும் சரியில்லை.

"காத்து எவ்வளவு இறக்கலாம்?"

ரோட்டுக்குரிய அளவு டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும், அதை மாற்றாதீர்கள். மண்பாதை, கல்பாதைக்கு 20-லிருந்து 24 பிஎஸ்ஐ, மணலுக்கு 15-லிருந்து 18. காற்றை இறக்கினால் டயர் தரையில் படும் பகுதி நீளமாகும், வண்டியின் பாரம் பரவும். 12-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். இறக்கியபின் வேகம் 30-க்குள் இருக்கட்டும், சட்டென்று திருப்பாதீர்கள்.

சின்னக் கம்ப்ரசர் ஒன்று வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். காற்றை இறக்கிய டயரோடு ரோட்டில் 80-இல் போனால் சைடுவால் சூடாகி வெடிக்கும். எம்டி வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு கம்ப்ரசரும் காற்றளக்கும் கேஜும் வாங்குங்கள். மாட்டிக்கொள்ளும் பாதி இடங்களில் வெளியே வர அது போதும்.

"என்னோடது டூவீல் டிரைவ். எம்டி போட்டா ஃபோர்வீல் டிரைவ் மாதிரி போகுமா?"

போகாது. எம்டி தன் பள்ளத்தைச் சுத்தம் செய்யச் சுழல வேண்டும் என்று சேற்றுக் கேள்வியில் சொன்னேன். உங்களுக்குச் சுழல்வது இரண்டு சக்கரம், மற்ற இரண்டும் சும்மா உருண்டு சேற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். டூவீல் டிரைவுக்கு நல்ல ஏடி போதும். மிச்சமாகும் பணத்தை மேலே சொன்ன கம்ப்ரசருக்கும் ஒரு இழுவைக் கயிற்றுக்கும் கொடுங்கள்.

"பின்னாடி ரெண்டுக்கு மட்டும் எம்டி போட்டுக்கலாமா? செலவு பாதிதானே?"

கூடாது. ஈர ரோட்டில் முன்சக்கரம் பிடித்துப் பின்சக்கரம் பிடிக்காவிட்டால் வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னால் வரும்.

ஃபோர்வீல் டிரைவ் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தார், ஜிம்னி, ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்கா மூன்றிலும் ஃபோர்வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிக்கொள்ளும். நடுவே வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள டிஃபரென்ஷியல் கிடையாது. முன் டயரும் பின் டயரும் சுற்றளவில் வேறுபட்டால் அந்த இழுபறி முழுக்க, இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் விழும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் இது நடக்கும்: பட்டன் 8 மில்லிமீட்டர் தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் விட்டத்தில் 16 மில்லிமீட்டர் வித்தியாசம், தாரின் 18 இன்ச் வீல் டயரில் அது இரண்டு சதவீதம். அதனால் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள், முடிந்தால் ஸ்டெப்னியோடு ஐந்து. காட்டுப் பாதையில் பஞ்சராகி, வேறு அளவு ஸ்டெப்னியோடு ஃபோர்வீலில் ஏற வேண்டிய நிலை வரக் கூடாது.

"ஜிம்னிக்குப் பெரிய சைஸ் போடலாமா? 235 போட்டவங்க இருக்காங்களே?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி டயர் 195/80 ஆர்15-இன் உயரம் 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் 703 சொச்சம், ஒன்றரை சதவீதம்தான் கூடுகிறது. 235/75 ஆர்15 போட்டால் 733, கிட்டத்தட்ட ஆறு சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது சக்கரம் 106-க்கான வேகத்தில் ஓடும். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு மேட்டில் மூச்சு வாங்கும், பிரேக்குக்கும் சுமை கூடும், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் உள்ளே உரசவும் செய்யும். பெரியதுதான் வேண்டுமென்றால் 215 அளவு ஏடியைத் தாண்டாதீர்கள், அதற்கும் முன்னால் அடுத்து வரும் ஆர்டிஓ கேள்வியைப் படித்துவிடுங்கள்.

அளவோடு சேர்த்து லோடு எண்ணையும் பாருங்கள். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. வண்டியோடு வந்ததைவிடக் குறைவான எண் உள்ள டயரை, விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். வேகக் குறியும் பக்கத்திலேயே இருக்கும். எம்டியில் அநேகமாக 'க்யூ' என்ற எழுத்துத்தான், அதாவது 160 கிலோமீட்டர் வரை.

"ஆர்டிஓ பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ்ல பிரச்சினை வருமா?"

கம்பெனி கொடுத்த அதே அளவில் எச்டியைக் கழற்றி ஏடியோ எம்டியோ போடுவதில் சட்டச் சிக்கல் இல்லை. அளவு மாறும்போதுதான் பேச்சு வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உங்கள் மாடலுக்குக் கம்பெனி ஒத்துக்கொண்ட அளவுகளுக்குள் நில்லுங்கள். மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரோடு விபத்தானால், இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் எழுதுவது அதைத்தான்.

"லடாக் போறோம். பனி, ஆறு, கல்லு எல்லாம் இருக்கும். எம்டி போட்டுடவா?"

லடாக்குக்கு ஏடிதான். கெட்டிப்பட்ட பனியிலும் பனிக்கட்டியிலும் பிடிப்பது, முதல் பதிலில் மறக்க வேண்டாம் என்று சொன்ன அதே மெல்லிய கீறல்கள். எம்டியின் பெரிய பட்டன் அதில் ஸ்கேட்டிங் போகும். சைடுவாலில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்திவலையும் வரைந்த முத்திரை இருந்தால், அந்த டயர் பனிச் சோதனையில் தேறியது என்று பொருள். ஏடியில் பலவற்றுக்கு இந்த முத்திரை உண்டு. தவிர, இங்கிருந்து லடாக் போய்வர ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரோடு. அத்தனை தூரமும் எம்டி சத்தத்தில் போக வேண்டுமா?

ஒரு உபரித் தகவல். லடாக்கில் இருக்கும் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பாதி என்பதால், டயரில் அளந்தால் கீழே இருந்ததைவிட ஆறேழு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். குளிர் அதில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். மேலே நின்று அளந்து பயந்து காற்றை இறக்கினால், கீழே வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும்.

"இப்போ ஆர்டின்னு ஒண்ணு வந்திருக்கே, அது ரெண்டுக்கும் நடுவுல நல்லதா?"

ஆர்டி, அதாவது ரக்கட் டெரெய்ன். ஓரத்தில் எம்டி போன்ற பெரிய பட்டன், நடுவில் ஏடி போன்ற நெருக்கம். செம்மண், கல் இரண்டிலும் நன்றாகப் போகிறது. ஈர ரோட்டில் எம்டியைவிட மேல், ஏடிக்குக் கீழ். கரிசலில் நடுப்பகுதி அடைத்துக்கொள்கிறது. முரட்டுத் தோற்றம் வேண்டும், எம்டியின் தொல்லை வேண்டாம் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரு கம்பெனி ஆர்டி என்பதை இன்னொரு கம்பெனி ஏடி என்றே விற்கும், அதனால் பெயரை நம்பாமல் பட்டனைப் பாருங்கள்.

"கடையில வாங்கும்போது வேற என்ன பார்க்கணும்?"

சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. எம்டி நம் ஊரில் மெதுவாகத்தான் விற்கும், அதனால் கடையில் பழைய சரக்கு கிடக்க வாய்ப்பு அதிகம். ஒரு வருடத்துக்கு மேல் ஆனதை நான் வாங்க மாட்டேன். எம்டி கனம் என்பதால் பேலன்சிங்கில் அதிக எடை ஒட்ட வேண்டியிருக்கும், அவசரப்படுத்தாதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

"எங்க தோட்டமே கரிசல்தான். மழைக்காலத்துல தினம் போகணும், டவுனுக்கும் போகணும். அப்போ என்ன செய்ய?"

இதே கேள்வியைக் கேட்டவன் என் சித்தப்பா மகன். விளாத்திகுளம் பக்கம் மிளகாயும் உளுந்தும் போடுகிறான். ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் வண்டிப்பாதை, முழுக்கக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் ஏடி போட்ட வண்டி பாதி வழியில் நின்றுவிடும், அவன் உரமூட்டையைத் தலையில் சுமந்திருக்கிறான். அவனுக்கு எம்டிதான் என்று நானே சொன்னேன். மேலே எம்டியைப் பற்றி நான் சொன்ன குறை எல்லாம் அவனுக்கும் பொருந்தும், ஆனாலும் அவன் தேவை உண்மையானது.

அவன் செய்திருப்பது இது: பழைய இரும்பு ரிம் நாலு வாங்கி அதில் எம்டியை மாட்டி வைத்திருக்கிறான். புரட்டாசி கடைசியில் ஏற்றுவான், தை பிறந்து பாதை காய்ந்ததும் இறக்கி ஏடியைப் போட்டுவிடுவான். ரிம்மோடு மாற்றுவதால் டயர் கடைக்குப் போக வேண்டியதில்லை, ஜாக்கி வைத்து ஒரு மணி நேர வேலை. எம்டி வருடத்தில் நாலு மாதம்தான் ஓடுவதால் அவ்வளவாகத் தேய்வதும் இல்லை. அந்த நாலு மாதத்தில் தூறல் நாளில் டவுனுக்குக் கிளம்பினால், முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் இடையே வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு இடம் விடுகிறான், பிள்ளைகள் கூட வந்தால் பஸ்ஸில் போகிறான்.